குளத்தை இறைக்க வேண்டாம்: வினைல் லைனர், சோலார் கவர், பனிக்கால மூடி

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒன்ராறியோவின் ஏஜக்ஸில் தை மாதம் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்வளவில் 16க்கு 32 அடி நீச்சல் குளம். வாங்கும்போது அதன் மேல் பனி. பனிக்குக் கீழே, கொங்கிரீட் தரையில் ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டிய பச்சைக் கவர். இப்போது கவரைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கிறது. ஆழமான பக்கத்தில் லைனர், அதாவது குளத்தின் உட்புறத்தை மூடும் வினைல் தாள், மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது, ஒரு மூலையில் விளிம்பு கழன்று தொங்குகிறது. பார்க்க வந்தவர், லைனருக்கு 12 வயதாகிவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார். அப்பாவோ, ஊரில் கிணறு இறைக்கிற மாதிரி ஒருக்கா முழுக்க இறைத்துக் கழுவிவிட்டு நிரப்பினால் எல்லாம் சரி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, எந்தக் கவர் வாங்குவது?

முதல் வேலையாக அப்பாவைத் தடுத்து நிறுத்துங்கள். அவர் சொல்வது கிணற்றுக்குச் சரிதான். யாழ்ப்பாணத்துக் கிணறு கல்லுக்குள் வெட்டியது. இறைத்துச் சேறு எடுத்தால் ஊற்றுக்கண் திறக்கும், சுவருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் குளம் அப்படியில்லை. ஒன்ராறியோவில் வீட்டுக் குளங்களில் பெரும்பாலானவற்றின் சுவர் மெல்லிய இரும்புத் தகட்டுப் பலகை, அல்லது பிளாஸ்டிக் பலகை. அடியில் வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகள் கலந்த சீமெந்துப் பூச்சு, அல்லது வெறும் மணல். இவை எதுவும் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. பிடித்து வைப்பது ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத அந்த வினைல் தாள் மட்டும்தான். அந்தத் தாளை இடத்தில் வைத்திருப்பது, சுவரை வெளிமண் உள்ளே தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் உள்ளே நிற்கும் தண்ணீரின் பாரம். உங்கள் அளவுக் குளத்தில் கிட்டத்தட்ட 80,000 லீற்றர், அதாவது 80 தொன்.

சித்திரை, வைகாசியில் பனி கரைந்து மண் ஊறிக் கிடக்கும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் 80 தொன்னையும் எடுத்துவிட்டால் வெளியே நிற்கும் நிலத்தடி நீர் தாளைக் கீழிருந்து தூக்கும், சுவரை உள்ளே வளைக்கும். சுவர் தப்பினாலும் பழைய லைனர் தப்பாது. பல வருடம் தண்ணீருக்குள் இழுபட்டுக் கிடந்த வினைல், வெறுமையாக வெயிலில் காய்ந்தால் சுருங்கும். திரும்ப நிரப்பும்போது மூலைகளில் கிழியும். நல்ல லைனர்களை மக்கள் கொல்லும் வழிகளில் முதலிடம் இந்தக் "கழுவிவிடுவோம்" யோசனைக்குத்தான்.

தேயிலை நிறம் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் பச்சைக் கவர் வலைக் கவர் என்பதற்கு அதுவே சாட்சி. மேலே தங்கிய மேப்பிள் இலைச் சருகுகளில் ஊறிய மழைநீர் வலை வழியாக இறங்கியிருக்கிறது. முதலில் அடியில் கிடக்கும் இலைகளை வலைக் கரண்டியால் அள்ளுங்கள். இரும்பு வாரி பக்கத்திலும் வரக்கூடாது. இலையை எடுக்காமல் குளோரின் கொட்டினால் அவ்வளவையும் இலையே தின்றுவிடும். இலை போனபின் குளோரினும் வடிகட்டியும் சில நாளில் நிறத்தை எடுத்துவிடும். தண்ணீரைக் கொஞ்சம் புதுசாக்க ஆசையென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்காமல், குழாயால் நிரப்பிக்கொள்ளுங்கள். இறக்கும் தண்ணீரில் குளோரின் இருந்தால் தெரு ஓரத்து வடிகாலுக்குள் விட வேண்டாம். அது நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது, நகரசபை தண்டம் அடிக்கும்.

சரி, லைனருக்கு வருவோம். வினைல் லைனரின் ஆயுள் பத்து வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏழு வருடத்தில் செத்ததையும் பார்த்திருக்கிறேன், பதினைந்து தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே 12 வயது என்பது மட்டும் மாற்றுவதற்குக் காரணமாகாது. எங்கே பார்க்க வேண்டுமென்றால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெயில் படும் அந்த ஒரு சாண் பட்டையை. லைனர் எப்போதும் அங்கேதான் முதலில் சாகிறது. தண்ணீருக்குள் இருக்கும் பகுதி மிருதுவாகவே இருக்கும். மேல்பட்டையைத் தொட்டுப் பாருங்கள். அட்டை போல விறைத்து, நகத்தால் கீறினால் அச்சு உதிர்ந்து, மூலைகளிலும் ஸ்கிம்மரை (மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் சுவர் வாயை) சுற்றியும் மயிர்க்கோடு போல வெடிப்பு இருந்தால் அதற்கு நாள் குறிக்கலாம். நிறம் மங்கியது மட்டும்தான் என்றால் அது அழகுப் பிரச்சினை, விட்டுவிடுங்கள்.

மூலையில் கழன்று தொங்குவது பெரிய விஷயமே இல்லை. லைனரின் மேல் விளிம்பில் பீட் என்ற தடித்த ஓரம் உண்டு, அது கோப்பிங்குக்கு (குளத்தின் விளிம்புக் கரைக்கு) அடியில் இருக்கும் காடிக்குள் செருகி நிற்கிறது. வெயிலான நாளில், கேத்திலில் கொதித்த நீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றி, வினைல் இளகியதும் கையால் இழுத்துக் காடிக்குள் திணிக்கலாம். பிறகு லைனர் லொக் என்று விற்கும் பிளாஸ்டிக் பட்டியை ஆப்பு மாதிரி இறுக்கிவிட்டால் நிற்கும். ஆனால் மேல்பட்டை விறைத்திருந்தால் இழுக்கவே வேண்டாம், கையோடு வரும். குளிர்நாளிலும் தொடாதீர்கள்.

மடிப்புக்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்று நிலத்தடி நீர். பனி கரையும்போது லைனருக்குப் பின்னால் தண்ணீர் புகுந்து அதைத் தூக்கியிருக்கும், காலால் மிதித்தால் தண்ணீர்ப் பாய் போல மெத்தென்றிருக்கும். மண் வற்றினால் இது தானாக அமரும். மிச்சமிருக்கும் மடிப்பை, தண்ணீருக்குள் இறங்கி வெறுங்காலால் சுவர்ப் பக்கம் தள்ளிவிடலாம். ஆழமான பக்கத்தில், இந்தக் காலத்தில் உங்களுக்கு இருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

மற்றது தண்ணீரின் அமிலத்தன்மை. பிஎச் அளவு 7க்குக் கீழே இறங்கி அப்படியே மாதக்கணக்கில் கிடந்தால் வினைல் தண்ணீரை உறிஞ்சி விரியும். விரிந்த தாளுக்குக் குளத்தில் இடம் போதாது, மடிந்துதான் ஆக வேண்டும். இந்த மடிப்பு மெல்லிய கோடு கோடாக ஆழமில்லாத பக்கத்திலும் வரும், மிதித்தாலும் போகாது. இதைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை, வராமல் பார்ப்பதுதான் வழி. பிஎச் 7.2க்கும் 7.6க்கும் நடுவில், பிஎச்சைத் தடுமாறாமல் வைக்கும் அல்கலினிட்டி 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), குளோரின் 1 முதல் 3, வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலம் 30 முதல் 50. கல்சியம் சீமெந்துக் குளத்துக்குப் போல அவ்வளவு தேவையில்லை. சீமெந்தைத் தண்ணீர் அரிக்கும் என்ற பயம் உங்களுக்கு இல்லை.

குளோரின் குளிசை பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அந்த வெள்ளை வட்டக் குளிசை ட்ரைகுளோர், தன்னளவில் நல்ல அமிலம். அதை மட்டுமே நம்பிக் கோடை முழுவதும் ஓட்டினால் பிஎச்சும் அல்கலினிட்டியும் மெல்ல மெல்ல இறங்கும். கடை ஆள் இதைச் சொல்ல மாட்டார். ஒரு குளிசை தவறி அடியில் விழுந்து ஒரு இரவு கிடந்தால் காலையில் அங்கே வெள்ளை வட்டம், அது லைனர் சாகும்வரை அங்கேயே இருக்கும். தூள் குளோரினும் அப்படித்தான். வாளியில் தண்ணீர் பிடித்து, அதற்குள் தூளைப் போட்டுக் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். தூளின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. இரண்டு வகைக் குளோரினை ஒரே வாளியில் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

ஒருவேளை மேல்பட்டை செத்துத்தான் போயிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும் என்றால் என்ன கேட்க வேண்டும்? தடிப்பை மில் கணக்கில் கேளுங்கள். ஒரு மில் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மில் அரை மில்லிமீற்றர், 30 மில் முக்கால். "கேஜ்" என்று சொன்னால் விடாதீர்கள், அது தடிப்பைக் காட்டும் எண்ணாகவே இருக்க வேண்டியதில்லை. 30 மில் நாய் நகத்துக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் சாமானுக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் வெயிலும் அமிலமும் தடிப்பைப் பார்ப்பதில்லை. மூலை அதிகமுள்ள, வளைவுள்ள குளத்தில் 30 மில் விறைப்பு, இழுபட்டு அமர மறுக்கும். நேரான செவ்வகத்துக்கு 27, 28 மில் போதும் என்பது என் எண்ணம். படிக்கட்டின் மேல் வரும் துண்டுக்கு மட்டும் தடித்த, சொரசொரப்பான வினைல் கேளுங்கள், வழுக்காது.

அளவெடுக்க வருபவர் பழைய லைனரைக் கழற்றி அதை வைத்தே வெட்டச் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். பழையது இழுபட்டு நீண்டிருக்கும். சரியாக அளப்பவர் தரையில் ஏ, பி என்று இரண்டு புள்ளி குறித்து, ஓரத்தைச் சுற்றி எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு புள்ளியிலிருந்தும் தூரம் எடுப்பார். லைனரைக் குளத்தைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் செய்வார்கள். போடும் நாளில் காற்றுறிஞ்சியை லைனருக்குப் பின்னால் செருகி ஓடவிட்டால் தாள் சுவரோடும் அடியோடும் ஒட்டிக்கொள்ளும், மடிப்பு இருந்தால் அப்போதே தெரியும். ஆழமில்லாத பக்கத்திலும் ஒரு சாண் தண்ணீர் ஏறும்வரை அந்த இயந்திரத்தை நிறுத்தக்கூடாது. ஸ்கிம்மருக்கான ஓட்டையைத் தண்ணீர் அதன் கீழ்வரை வந்தபின்தான் வெட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே வெட்டியவனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். லைனர் கீழே இழுபட, ஓட்டை இரண்டு அங்குலம் தள்ளிப் போய் நின்றது. கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டுகளையும் அதே நாளில் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சில்லறைச் செலவு.

இனிக் கவர். இந்தப் பேச்சில் குழப்பம் வருவதற்குக் காரணம், ஒரே சொல்லால் இரண்டு மூன்று சாமான்களைச் சொல்வது. கோடையில் போடும் குமிழிக் கவர் ஒன்று, பனிக்காலத்தில் போடும் மூடி இன்னொன்று. ஒன்றின் வேலையை மற்றதிடம் கேட்கக்கூடாது.

பனிக்கால மூடி நீங்கள் வாங்கவே வேண்டாம், இருக்கிறது. ஸ்பிரிங் போட்டு, தரையில் பித்தளை முளை அடித்துக் கட்டிய அந்த வலைக் கவர் இருப்பதில் நல்ல வகை. பாதுகாப்பு மூடி என்று சொல்வதற்கு, தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எஃப்1346 என்ற தரம் உண்டு. எட்டு அடிக்கு மேல் அகலமான குளத்தின் மூடி 485 இறாத்தல், அதாவது 220 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். இரண்டு பெரியவரும் ஒரு பிள்ளையும் என்ற கணக்கு. உங்களுடையதில் அந்த எண் அச்சிட்ட துண்டு தைத்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டிகளின் தையலை விரலால் இழுத்துப் பாருங்கள், ஸ்பிரிங் நீண்டு தளர்ந்ததா என்று பாருங்கள். தேய்ந்த ஸ்பிரிங் தனியாக வாங்கலாம். வலை சுவர்க் கல்லில் உரசும் இடத்தில்தான் ஓட்டை விழும். சிறியதென்றால் ஒட்டுப் போடலாம்.

வலைக் கவரின் குறை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, வெயிலும் மழையும் உள்ளே போகும். அதற்கு மருந்து நேரத்தில் இருக்கிறது. இங்கே ஆட்கள் மே மாதத்து விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் திறந்து, ஒக்டோபரில் வரும் நன்றி நவிலல் நாளில் மூடுவது வழக்கம். தண்ணீர் நாட்காட்டி பார்ப்பதில்லை. 15 பாகை செல்சியஸுக்குக் கீழே பாசி சோம்பேறி, மேலே போனால் விழித்துவிடும். இலையுதிர்காலத்தில் தண்ணீர் 15க்குக் கீழே இறங்கியபின் மூடுங்கள், வசந்தத்தில் 15 ஆகுமுன் திறவுங்கள். பச்சையாகிப் போன குளத்தைத் தெளிய வைப்பதைவிட இரண்டு வாரம் முந்தித் திறப்பது மலிவு.

படங்கு போன்ற முழு மூடியும், சுற்றிவர வைக்கும் தண்ணீர்ப் பைகளும் இன்னொரு முறை. தண்ணீர் சுத்தமாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் மேலே தேங்கும் மழைநீரைச் சிறு பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்தத் தேக்கமே சிறு பிள்ளைக்கு ஆபத்து. பையில் முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும், முழுக்க நிரப்பினால் உறைந்து வெடிக்கும். பைக்குப் பதிலாகச் செங்கல் வைப்பவர்களும் உண்டு. காற்றில் படங்கு வழுகும், செங்கல் உள்ளே விழும், லைனர் கிழியும். சிறு பிள்ளை உள்ள வீட்டுக்குப் படங்கை நான் சொல்வதேயில்லை. எந்த மூடி போட்டாலும் வேலியும் கதவுப் பூட்டும் அப்படியே இருக்க வேண்டும். (ரக்கூன்களுக்கு எந்தத் தரமும் பொருட்டல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

வாங்க வேண்டியது சோலார் கவர், அதாவது அந்தக் குமிழிக் கவர். பெயரில் சூரியன் இருந்தாலும் அதன் பெரிய வேலை சூட்டைக் கொண்டுவருவதைவிடப் போகவிடாமல் வைப்பது. திறந்த குளம் சூட்டை இழப்பது முக்கியமாக ஆவியாதலால். ஒரு லீற்றர் ஆவியாகப் போகும்போது கொண்டுபோகும் வெப்பம், ஏறத்தாழ 580 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை குளிர்விப்பதற்குச் சமம். உங்கள் குளத்தில் ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் மட்டம் இறங்கினால் அது 240 லீற்றர். முழுக் குளமும் ஒன்றரைப் பாகைக்கு மேல் குளிரும் அளவு வெப்பம் அதோடு போகிறது. குளத்தைச் சூடாக்கும் செலவில் 50 முதல் 70 சதவீதத்தைக் கவர் மிச்சப்படுத்தும் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்கிறது. ஹீட்டர் வாங்குமுன் கவர் வாங்குங்கள்.

குமிழி கீழே பார்க்க வேண்டும், வழவழப்பான பக்கம் மேலே. 12 மில், 16 மில் என்று வரும். தடிப்பு கூடினால் ஆயுளும் கூடும், தூக்கும் பாரமும் கூடும். சுருட்டும் உருளை இல்லாமல் வாங்கினால் இரண்டாம் வாரமே கராஜுக்குள் போய்விடும். சுருட்டி வெயிலில் வைத்தால் குமிழிகள் வில்லை போல வெப்பத்தைக் குவித்து உருகும், மேலே ஒரு வெள்ளைத் துணியாவது போடுங்கள். அதிகக் குளோரின் போடும் நாளில் கவரை எடுத்துவிடுங்கள். உப்பிலிருந்து குளோரின் செய்யும் உப்பு இயந்திரம் வைத்தால், கவர் மூடியிருக்கும் நேரத்துக்கு அதன் அளவைக் குறையுங்கள். வெயில் படாத தண்ணீரில் குளோரின் அழியாமல் ஏறிக்கொண்டே போகும், லைனரும் கவரும் சேர்ந்து வெளுக்கும்.

பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: சோலார் கவர் யாரையும் தாங்காது. அதன் மேல் விழுந்த பிள்ளையைச் சுற்றிக்கொண்டு அமிழும், மேலிருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது. பாதி சுருட்டிவிட்டு மீதிப் பாதியில் நீந்துவது இந்த ஊரில் சாதாரணமாக நடக்கிறது. செய்யாதீர்கள், முழுவதும் எடுத்தபின்தான் தண்ணீரில் கால்.

மூடும் நாள் பற்றி ஒரு கதை. நான் இந்த வேலைக்குப் புதிது. ஒரு வீட்டில் எல்லாம் சரியாக மூடினேன். குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றி, உறையாமல் காக்கும் பூல் அன்ரிஃப்ரீஸ் ஊற்றி அடைத்தாயிற்று. கார் அன்ரிஃப்ரீஸ் நஞ்சு, அது கூடாது. கடைசியில், பாசி வராமல் இருக்கட்டும் என்று குளிசை போட்ட மிதவை ஒன்றைத் தண்ணீரில் விட்டு மூடியை இழுத்துக் கட்டினேன். வைகாசியில் திறந்தால் மிதவை படிக்கட்டு மூலையில் ஒதுங்கி, அங்கேயே உறைந்து, அங்கேயே கரைந்திருக்கிறது. நீல லைனரில் சோற்றுக்கோப்பை அளவுக்கு வெள்ளை. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணீர்கூடத் தந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே மூடும்போது மிதவை வேண்டாம். ஒரு வாரம் முன்பே தண்ணீரைச் சரிசெய்து, அல்கலினிட்டியை 100, 120 பக்கம் நிறுத்துங்கள், ஏனென்றால் வலை வழியாக இறங்கும் மழையும் பனிநீரும் அதைக் குறைத்துக்கொண்டே போகும். தண்ணீர் மட்டத்தை ஸ்கிம்மருக்குக் கீழே இறக்குங்கள். ஆனால் கவரிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் இறக்க வேண்டாம். கவரின் மேல் விழும் பனியைக் கடைசியில் தாங்குவது அந்தத் தண்ணீர்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று. லைனரில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்தின் படியில், வாளி பாதி மூழ்கும்படி வையுங்கள். வாளிக்குள் தண்ணீர் நிற்கும் இடத்தையும் வெளியே குளத்து மட்டத்தையும் பென்சிலால் குறியுங்கள். பம்பை நிறுத்தி, மழை இல்லாத 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவி, லைனர் இன்னும் சில கோடை தாங்கலாம். குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. அப்போதும் உடனே மாற்ற வேண்டியதில்லை. ஸ்கிம்மர் ஓரத்திலும் படிக்கட்டு இணைப்பிலும் சாயத்துளி விட்டுப் பார்த்து, சாயம் உள்ளே இழுபடும் இடத்தைக் கண்டுபிடித்தால், தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் பசையும் மூலை வட்டமாக வெட்டிய வினைல் துண்டும் போதும். இந்த வாளி வேலையை அப்பாவிடமே கொடுங்கள். இறைக்க ஆசைப்பட்டவர், அளந்தாவது பார்க்கட்டும்.